பட்டம் வாங்கிய பிறகு ஆய்வேடு எங்கே போகிறது?

தமிழ்நாட்டுப் பல்கலைக்கழகம் ஒன்றில் முனைவர் பட்டத்துக்குக் கொடுக்கும் ஆய்வேட்டைப் பார்த்தவுடனே அடையாளம் தெரிந்துவிடும். கெட்டி அட்டை, அதன்மேல் ரெக்ஸின், தங்க எழுத்தில் தலைப்பு, ஆய்வாளர் பெயர், நெறியாளர் பெயர், பல்கலைக்கழக முத்திரை, மாதமும் ஆண்டும். டிடிபி கடையில் ஒரு சில படிகள்தான் அச்சாகும். தேர்வாளர்களுக்குப் போனவை போக ஒன்று நெறியாளரிடம், ஒன்று துறையில், ஒன்று பல்கலைக்கழக நூலகத்தில், ஒன்று ஆய்வாளர் வீட்டு அலமாரியில். அதற்குப் பிறகு அது எந்தக் கடைக்கும் வராது. விலை இல்லை, ஐஎஸ்பிஎன் என்ற புத்தக அடையாள எண் இல்லை, மதிப்புரை எழுதுவார் இல்லை.

ஒரு புத்தகம் நூறு நூலகங்களில் இருக்கும். ஒன்றின் அட்டவணையில் பிழையாகப் பதிவானாலும் இன்னொன்றில் சிக்கிவிடும். ஆய்வேட்டுக்கு அந்த வசதி பெரும்பாலும் கிடையாது. ஒரே ஒரு பதிவு, அதைத் தட்டியவர் ஒரே ஒருவர். அது எந்த வழியாக எந்த நூலகத்துக்குள் வந்தது, வந்த அன்று யார் என்ன விவரம் எழுதிவைத்தார்கள் என்பதுதான் இன்று நம் திரையில் அது தெரியுமா தெரியாதா என்பதைத் தீர்மானிக்கிறது. ‘இந்தத் தலைப்பில் இதுவரை யாரும் ஆய்வு செய்யவில்லை’ என்று ஆய்வு முன்மொழிவில் எழுதுகிறவர்களில் பலர் தேடல் பெட்டியை மட்டும் நம்பியவர்கள். ஆய்வேடு வந்த வழியைத் தேடியிருந்தால் அந்த வரியை எழுதியிருக்க மாட்டார்கள்.

தேடல் பெட்டி எதைப் பார்க்கிறது

பல்கலைக்கழக நூலகத்தின் இணையதளத்தில் பளிச்சென்று ஒரு பெட்டி இருக்கும். அதற்குப் பின்னால் இருப்பது எல்லா இடத்திலும் ஒன்றல்ல. முதலாவது, நூலகத்தில் கையால் தொடக்கூடியவற்றின் அட்டவணை, அதாவது ஓபேக். இரண்டாவது, அந்தப் பல்கலைக்கழகத்தார் எழுதியவற்றின் பிடிஎஃப் கோப்புகள் சேரும் நிறுவனக் களஞ்சியம். மூன்றாவது, நூலகம் சந்தா கட்டி வாங்கும் வெளித் தரவுத்தளங்கள். பிரிமோ, சம்மன், எப்ஸ்கோ போன்ற மென்பொருள்களை வாங்கிவைத்திருக்கும் பெரிய பல்கலைக்கழகங்களில் இந்த மூன்றையும் ஒரே பெட்டியில் துழாவலாம். நம் ஊர்க் கல்லூரிகளில் பெரும்பாலும் கோஹாதான். நியூசிலாந்தில் ஒரு சிறிய நூலக அறக்கட்டளைக்காக எழுதப்பட்டு 2000இல் இலவசமாக வெளிவந்த மென்பொருள் அது. நல்ல கருவிதான், ஆனால் அட்டவணைப் பதிவை மட்டுமே பார்க்கும். ஆய்வேட்டின் நான்காம் இயலில் நீங்கள் தேடும் ஊர்ப்பெயர் நூறு முறை வந்திருந்தாலும் அதற்குத் தெரியாது.

அந்தப் பதிவு எப்படி எழுதப்படுகிறது என்று கொஞ்சம் பார்த்துவிடலாம். உலகெங்கும் நூலகங்கள் மார்க் என்ற முறையில் விவரங்களை எண்ணிட்ட புலங்களில் நிரப்புகின்றன. 100 ஆசிரியர், 245 தலைப்பு. ஆய்வேட்டுக்கென்றே 502 என்று ஒரு புலம் உண்டு. எந்தப் பட்டம், எந்தப் பல்கலைக்கழகம், எந்த ஆண்டு என்று அதில் எழுத வேண்டும். எழுதியிருந்தால் ‘ஆய்வேடுகள் மட்டும்’ என்ற வடிகட்டி வேலை செய்யும். அவசரத்தில் ஆய்வேட்டையும் சாதாரணப் புத்தகமாகவே பதிந்திருந்தால், அந்த வடிகட்டியைத் தட்டிய மறுநொடி அது பட்டியலிலிருந்து மறைந்துவிடும். அதனால் முதல் தேடலில் எந்த வடிகட்டியும் வேண்டாம். தலைப்பில் வரக்கூடிய இரண்டு சொற்களைப் போட்டு, வருவதையெல்லாம் ஒருமுறை கண்ணால் பார்ப்பது நல்லது. வெளிநாட்டு நூலகம் என்றால் ‘தீசிஸ்’, ‘டிசர்டேஷன்’ இரண்டையும் போட வேண்டும். அமெரிக்காவில் முனைவர் பட்டத்துக்கானது டிசர்டேஷன், முதுகலைக்கானது தீசிஸ். பிரிட்டனில் வழக்கம் ஏறக்குறைய இதற்கு நேர்மாறு.

பெயர்களில் இன்னொரு தொல்லை இருக்கிறது. நம்முடைய இனிஷியல் முறை இந்த மென்பொருள்களுக்குப் புரிவதே இல்லை. குடும்பப் பெயர் என்று ஒன்றை எதிர்பார்க்கும் இடத்தில் ஒருவர் அப்பா பெயரைப் போடுவார், இன்னொருவர் ஒற்றை எழுத்தைப் போடுவார், வேறொருவர் ஊர்ப்பெயரையே போட்டுவிடுவார். சேரும்போது அப்பாவின் இனிஷியலோடு பதிந்த பெண், திருமணத்துக்குப் பிறகு கணவர் இனிஷியலோடு ஆய்வேட்டைக் கொடுத்திருப்பார். எனவே பெயரைக் கொண்டு தேடும்போது இனிஷியலை விட்டுவிட்டு இயற்பெயரை மட்டும் போட்டு, பல்கலைக்கழகத்தையும் ஆண்டையும் வைத்துக் குறுக்குவதுதான் நடைமுறையில் உதவும்.

ஷோத்கங்கா

இந்திய ஆய்வேடு என்றால் இன்று முதலில் போகவேண்டிய இடம் ஷோத்கங்கா என்ற இணையக் களஞ்சியம். பல்கலைக்கழக மானியக் குழுவின் கீழ் காந்திநகரில் இயங்கும் இன்ஃப்ளிப்நெட் மையம் இதை நடத்துகிறது. ஐந்து லட்சத்துக்கும் மேற்பட்ட ஆய்வேடுகள் இருக்கின்றன, பணம் கட்ட வேண்டாம், கடவுச்சொல் வேண்டாம். இவ்வளவு பெரிய திறந்த களஞ்சியம் பல பணக்கார நாடுகளிலேயே கிடையாது என்பதை நாம் போதுமான அளவு பேசுவதில்லை.

இது தானாக வந்த நல்ல எண்ணமல்ல, விதியால் வந்தது. மானியக் குழுவின் 2009ஆம் ஆண்டு விதிமுறை, பட்டம் அறிவித்த பிறகு 30 நாளுக்குள் ஆய்வேட்டின் மின்படியைப் பல்கலைக்கழகம் அனுப்பிவைக்க வேண்டும் என்றது. பட்டம் கொடுத்தாகிவிட்டது, ஆய்வாளரும் ஊருக்குப் போய்விட்டார், இனி யார் சிடியைத் தேடிப்பிடித்து அனுப்புவது? 2016ஆம் ஆண்டு விதிமுறை இந்த வரிசையை மாற்றியது. மதிப்பீடு முடிந்த பிறகு, பட்டத்தை அறிவிப்பதற்கு முன்பே மின்படி போய்ச்சேர வேண்டும். பட்டம் கைக்கு வர வேண்டுமே என்று ஆய்வாளரே நூலகத்துக்கு நடக்கத் தொடங்கினார். 2016க்குப் பிந்தையவை ஓரளவு ஒழுங்காகக் கிடைப்பதிலும், அதற்கு முந்தையவை பல்கலைக்கழகத்துக்குப் பல்கலைக்கழகம் கூடியும் குறைந்தும் இருப்பதிலும் இந்தச் சின்ன மாற்றத்துக்குப் பங்கு உண்டு. 2009க்கு முந்தைய ஆய்வேடுகளும் அங்கே நிறைய உண்டு. ஆனால் அவை பழைய படிகளை ஸ்கேன் செய்ய எந்தப் பல்கலைக்கழகம் மெனக்கெட்டதோ அங்கிருந்து வந்தவை. ஷோத்கங்காவில் 1985ஆம் ஆண்டு ஆய்வேடு ஒன்று இல்லை என்றால், ‘ஸ்கேன் ஆகவில்லை’ என்பதற்கு மேல் அதிலிருந்து எதையும் முடிவுசெய்ய முடியாது.

ஐஐடிகள் தனிச் சட்டத்தின் கீழ் இயங்குபவை, மானியக் குழுவின் இந்த விதிக்குள் வருபவை அல்ல. அவற்றின் ஆய்வேட்டுக்கு முதலில் அந்தந்த நிறுவனத்தின் நூலகத்தைத்தான் பார்க்க வேண்டும். பெங்களூரு இந்திய அறிவியல் கழகம் தனக்கென்றே ஒரு ஆய்வேட்டுக் களஞ்சியம் வைத்திருக்கிறது.

ஷோத்கங்காவில் ஒரு பதிவைத் திறந்தால் தலைப்பு, ஆய்வாளர், நெறியாளர், குறிச்சொற்கள், பல்கலைக்கழகம், முடித்த ஆண்டு, ஏற்றிய தேதி, ஆய்வுச் சுருக்கம் என்று வரிசையாக இருக்கும். கீழே ஒரே கோப்பாக இல்லாமல் துண்டு துண்டாக பிடிஎஃப்கள். 01இல் தலைப்புப் பக்கம், அடுத்து சான்றிதழ், உறுதிமொழி, நன்றியுரை, பொருளடக்கம், பிறகு ஒவ்வோர் இயலும் தனித்தனியாக, கடைசியில் துணைநூற்பட்டியல். அண்மைக்காலப் பதிவுகளில் 80 என்று எண்ணிட்ட கோப்பு ஒன்றும் இருக்கும். அதில் பெரும்பாலும் தலைப்புப் பக்கமும் முடிவுரையும் சேர்ந்திருக்கும். நேரமில்லாதவர்கள் அதைத் திறந்தாலே ஆய்வாளர் எங்கே போய்ச் சேர்ந்தார் என்று தெரிந்துகொள்ளலாம்.

இப்படித் துண்டுபோட்டு வைப்பதால் கூகுளில் தேடுகிறவர்களுக்கு ஒரு விசித்திரம் நேரும். நேராக ஏதோ ஓர் இயலின் பிடிஎஃப் திறந்துகொள்ளும். உள்ளே நல்ல சரக்கு இருக்கும், ஆனால் யார் எழுதியது, எந்த ஆண்டு என்று எந்தத் துப்பும் இருக்காது. பலர் அதை அப்படியே மூடிவிடுகிறார்கள். மேலே முகவரிப் பட்டையைப் பாருங்கள். ‘பிட்ஸ்ட்ரீம்’ என்ற சொல், பிறகு 10603 என்ற எண், அதற்கு அடுத்து இன்னோர் எண், அப்புறம் கோப்பின் பெயர் என்று போகும். 10603 ஷோத்கங்காவுக்கான எண், அடுத்தது அந்த ஆய்வேட்டுக்கான எண். ‘பிட்ஸ்ட்ரீம்’ இருக்கும் இடத்தில் ‘ஹேண்டில்’ என்று ஆங்கிலத்தில் தட்டி, ஆய்வேட்டின் எண்ணுக்குப் பின்னால் இருப்பதையெல்லாம் அழித்துவிட்டு என்டர் கொடுத்தால் முழுப் பதிவு வந்துவிடும்.

நெறியாளர் பெயரைக் கொண்டு தேடும் வழியையும் விட்டுவிடக் கூடாது. ஒரு நல்ல ஆய்வேடு கையில் கிடைத்தால் அதன் நெறியாளர் பெயரைத் தட்டிப் பாருங்கள். அவரிடம் படித்த மற்றவர்கள் அதே வட்டாரத்தில், அதே பொருளின் பக்கத்துத் தெருவில் வேலை செய்திருப்பார்கள். குறிச்சொல் போட்டுக் கிடைக்காத இரண்டு மூன்று ஆய்வேடுகள் இப்படிக் கிடைக்கும். முடிக்கப்படாத, இப்போது நடந்துகொண்டிருக்கும் ஆய்வுகளின் சுருக்கங்கள் ஷோத்கங்கோத்ரி என்ற துணைத்தளத்தில் இருக்கின்றன. தலைப்பு முடிவுசெய்யும் முன் அங்கே ஒரு பார்வை பார்த்துவிடுவது பின்னால் வரும் மனவருத்தத்தைத் தவிர்க்கும்.

தமிழில் எழுதிய ஆய்வேடுகள்

தமிழ் ஆய்வேடுகளைத் தேடுவதுதான் இருப்பதிலேயே கஷ்டமான வேலை. முதல் காரணம் எழுத்துரு. எல்லாக் கணினியிலும் ஒரே மாதிரி படிக்கக்கூடிய யூனிகோடு என்ற பொதுக் குறியீட்டு முறை பரவும் முன் டிடிபி கடைகளில் பாமினி, வானவில் என்று ஆளுக்கொரு எழுத்துருவில் அடித்தார்கள். தமிழக அரசு 1999இல் டாம், டாப் என்ற தரங்களை அறிவித்தது. யூனிகோடை ஏற்றுக்கொண்டது 2010இல்தான். கடைகள் அதற்குப் பிறகும் பழைய வழக்கத்தைச் சட்டென்று விடவில்லை. அந்தக் கோப்பு திரையில் அழகான தமிழாகத் தெரியும். ஒரு வரியைத் தேர்ந்தெடுத்து நோட்பேடில் ஒட்டிப் பாருங்கள், ஆங்கில எழுத்துக் குப்பையாக விழும். தேடுபொறியின் கண்ணுக்குத் தெரிவதும் அந்தக் குப்பைதான். ஸ்கேன் செய்த பழைய ஆய்வேடுகள் வெறும் படங்கள், அவற்றில் அதுகூடக் கிடையாது. ஆக, தமிழ் ஆய்வேட்டைப் பொறுத்தவரை உள்ளடக்கத்தைத் தேடும் வாய்ப்பை மறந்துவிட்டு, தலைப்பையும் குறிச்சொல்லையும் நம்பித்தான் தேட வேண்டும். வேண்டிய கோப்பு கிடைத்தபின் அதைக் கூகுள் டிரைவில் ஏற்றி டாக்ஸில் திறந்தால் தமிழை ஓரளவு நன்றாகவே எழுத்தாக்கித் தரும்.

அடுத்தது தலைப்பையே ஆங்கில எழுத்தில் பதிந்திருக்கும் பழக்கம். சிலப்பதிகாரத்தின் முதல் எழுத்துக்கு எஸ் போடுகிறவர்கள், சி போடுகிறவர்கள், சி எச் போடுகிறவர்கள் என்று மூன்று கட்சி. நடுவில் வரும் தகரத்துக்கு எச் சேர்ப்பதா வேண்டாமா என்பதில் இன்னும் இரண்டு கட்சி. அமெரிக்க நூலகங்கள் வாஷிங்டனில் இருக்கும் காங்கிரஸ் (அந்நாட்டு நாடாளுமன்ற) நூலகத்தின் ஒலிபெயர்ப்பு விதியைப் பின்பற்றுபவை, அங்கே சகரம் எப்போதும் சி-தான். சங்கம் என்று தேட எஸ்-இல் தட்டினால் சிகாகோவிலோ பெர்க்லியிலோ பாதிதான் வரும். சி-யில் தொடங்கி, க-வுக்கு கே போட்டு மறுபடியும் தேட வேண்டும். எழுத்தின் மேலும் கீழும் வரும் கோடு, புள்ளிகளைப் பற்றிக் கவலை வேண்டாம், பெரும்பாலான கருவிகள் அவற்றைக் கண்டுகொள்வதில்லை.

யூனிகோடில் பதிந்த தலைப்புகளுக்கு வேறொரு தந்திரம் தேவை. இந்தக் கருவிகளுக்கு ஆங்கில இலக்கணம் கொஞ்சம் தெரியும், ஒருமை கொடுத்தால் பன்மையையும் சேர்த்துக் கொண்டுவரும். தமிழ் வேற்றுமை உருபு எதுவும் தெரியாது. ‘சிலப்பதிகாரம்’ என்று தேடினால் ‘சிலப்பதிகாரத்தில் இசை’ என்ற தலைப்பு வராமல் போகலாம். சொல்லின் மாறாத பகுதியை மட்டும் தட்டி நட்சத்திரக் குறி போட வேண்டும்: சிலப்பதிகார*. மெய்யெழுத்தில் முடியும் சொல்லுக்குக் கடைசிப் புள்ளியையும் எடுத்துவிட வேண்டும். கணினியைப் பொறுத்தவரை ‘ல்’ என்பது ல-வும் புள்ளியும் சேர்ந்த இரண்டு குறிகள். ‘நாவல்*’ என்று தட்டினால் ‘நாவல்கள்’ வரும், ‘நாவலில்’ வராது. ‘நாவல*’ என்று தட்டினால் இரண்டும் வரும். ‘சங்க இலக்கியம்’ என்பதைச் சேர்த்து எழுதியவர்களும் உண்டு, பிரித்து எழுதியவர்களும் உண்டு. இரண்டு விதமாகவும் தேடிவிடுங்கள்.

எந்தப் பல்கலைக்கழகம் என்பதே ஒரு கேள்வி

திருநெல்வேலி மாவட்டத்து நாட்டார் தெய்வங்களைப் பற்றி என்ன ஆய்வு நடந்திருக்கிறது என்று ஒருவர் தேடுகிறார் என்று வைத்துக்கொள்வோம். மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகத்தின் தமிழ்த் துறைப் பட்டியலைத் திறப்பார். அந்தப் பல்கலைக்கழகம் தொடங்கியது 1990இல். அதற்கு முன் நெல்லைக் கல்லூரிகள் மதுரை காமராசரின் கீழ் இருந்தன. மதுரைப் பல்கலைக்கழகமே 1966இல் வந்தது, அதற்கு முன் சென்னைப் பல்கலைக்கழகம். பாளையங்கோட்டையில் ஒரே கல்லூரியில், ஒரே துறையில், ஒரே மேசையில் உட்கார்ந்து செய்த ஆய்வுகள்கூட ஆண்டைப் பொறுத்து வேறு வேறு பல்கலைக்கழகப் பெயரில் கிடக்கும். கோவைக்கும் திருச்சிக்கும் இந்தக் கோடு 1982இல் விழுகிறது, பாரதியாரும் பாரதிதாசனும் பிறந்த ஆண்டு. சேலத்துக்கு 1997, பெரியார் பல்கலைக்கழகம். பொறியியல் இன்னும் குழப்பம். கோவைப் பொறியியல் கல்லூரிகள் அண்ணா பல்கலைக்கழகத்தின் கீழ் வருவதற்கு முன் பாரதியாரின் கீழ் இருந்தன, அந்தக் காலத்து முனைவர் பட்டங்களை அங்கேதான் தேட வேண்டும்.

ஷோத்கங்கா பல்கலைக்கழகம், துறை என்ற படிநிலையில்தான் அடுக்கிவைத்திருக்கிறது. கல்லூரியின் பெயர் பல பதிவுகளில் தலைப்புப் பக்கத்துக்குள் மட்டுமே இருக்கும். ஆகவே ஒரு வட்டாரத்தைப் பற்றித் தேடுகிறவர், எந்தக் காலத்தில் அந்த ஊர் எந்தப் பல்கலைக்கழகத்தின் எல்லைக்குள் இருந்தது என்று ஒரு துண்டுத்தாளில் குறித்துக்கொண்டு உட்கார்ந்தால் பாதி வேலை முடிந்தது. துறைப் பெயரிலும் கவனம் வேண்டும். நாட்டார் வழக்காறு தமிழ்த் துறையிலும் இருக்கும், நாட்டார் வழக்காற்றியல் துறையிலும் இருக்கும், வரலாறு, சமூகவியல், மானிடவியல் துறைகளிலும் இருக்கும்.

ஈழத்துத் தமிழ் ஆய்வுகளுக்கு வரைபடமே வேறு. யாழ்ப்பாணப் பல்கலைக்கழகம் 1974இல் வளாகமாகத் தொடங்கி 1979இல் தனிப் பல்கலைக்கழகமானது. அதற்கு முந்தைய தலைமுறைப் பேராசிரியர்கள் பலர் முனைவர் பட்டத்துக்குக் கப்பல் ஏறினார்கள். க. கணபதிப்பிள்ளையும் சு. வித்தியானந்தனும் லண்டனில் பட்டம் பெற்றவர்கள். க. கைலாசபதியும் கா. சிவத்தம்பியும் பர்மிங்காமில், கிரேக்க இலக்கிய அறிஞர் ஜார்ஜ் தாம்சனிடம் ஆய்வு செய்தவர்கள். தமிழ் வீரயுகப் பாடல்களைப் பற்றிய கைலாசபதியின் ஆய்வு 1966இல் முடிந்து இரண்டே ஆண்டில் ஆக்ஸ்ஃபோர்டில் நூலானது. பண்டைத் தமிழ்ச் சமூகத்தின் நாடகம் பற்றிய சிவத்தம்பியின் ஆய்வு 1970இல் முடிந்தது, சென்னையில் நூலாக வந்தது 1981இல். பதினோரு ஆண்டுகள் அந்த ஆய்வைப் படிக்க வேண்டும் என்றால் ஆய்வேட்டையே தேடிப் பிடித்திருக்க வேண்டும். இன்று ஓபேக்கில் பெயரைத் தட்டினால் நூல்தான் முதலில் வரும், பலர் அதோடு நிறுத்திவிடுவார்கள். நூல் ஆகும்போது வெட்டப்பட்ட பின்னிணைப்புகளும் அடிக்குறிப்புகளும் ஆய்வேட்டில்தான் இருக்கும்.

கடல் தாண்டி

வெளிநாடுகளில் ஆய்வேடு நூலகத்துக்கு வந்த வழி நாட்டுக்கு நாடு மாறும். ஜெர்மனியில் ஆய்வேட்டை வெளியிட்டால்தான் டாக்டர் பட்டத்தையே போட்டுக்கொள்ளலாம். அதனால் அங்கே ஆய்வேடுகள் புத்தகம் போலவே தேசிய நூலகத்தின் அட்டவணையில் கிடைக்கின்றன. பிரான்சில் தேசிய அளவில் ஒரே தளம், நடந்துகொண்டிருக்கும் ஆய்வுகளையும் சேர்த்துப் பட்டியலிடுகிறது.

அமெரிக்காவில் இந்த வேலையை எடுத்துக்கொண்டது ஒரு வியாபாரி. யூஜின் பவர் என்பவர் 1938இல் மிச்சிகன் மாநிலத்தின் ஆன் ஆர்பரில் யூனிவர்சிட்டி மைக்ரோஃபில்ம்ஸ் என்ற நிறுவனத்தைத் தொடங்கினார். பல்கலைக்கழகங்கள் ஆய்வேட்டை அனுப்பும், அவர் பக்கங்களைச் சின்னதாக்கிப் படச்சுருளில் பிடிக்கும் மைக்ரோஃபிலிம் எடுத்து வைத்துக்கொள்வார், சுருக்கங்களை மட்டும் அச்சிட்டு நூலகங்களுக்கு அனுப்புவார், முழுசும் வேண்டும் என்றால் காசு கொடுத்துப் படி வாங்க வேண்டும். அந்த நிறுவனம்தான் பிற்பாடு புரோக்வெஸ்ட் ஆனது, 2021இல் கிளாரிவேட் என்ற கம்பெனி அதை வாங்கிக்கொண்டது. பொதுப் பல்கலைக்கழகங்களில் மாணவர்கள் செய்த ஆய்வுக்கு ஒரு தனியார் கம்பெனி வாயிற்காவலனாக இருப்பது எனக்கு ஒருபோதும் சரியாகப் பட்டதில்லை. ஆனால் அவர் செய்யாமல் போயிருந்தால் அந்தக் காலத்து ஆய்வேடுகள் நமக்கு இவ்வளவு எளிதாகக் கிடைத்திருக்காது என்பதும் உண்மை. சந்தா இல்லாதவர்கள் புரோக்வெஸ்டில் தலைப்பைத் தெரிந்துகொண்டு, அதே ஆய்வேட்டை அந்தப் பல்கலைக்கழகத்தின் சொந்தக் களஞ்சியத்தில் தேட வேண்டும். வர்ஜீனியா டெக் 1997இல் மின் ஆய்வேட்டைக் கட்டாயமாக்கியது, மற்ற பல்கலைக்கழகங்களும் பின்னால் வந்தன. அதற்குப் பிந்தையவற்றில் கணிசமானவை இலவசமாகவே கிடைக்கின்றன. பதிவு தெரிந்தும் கோப்பு பூட்டியிருந்தால், ஆய்வாளர் நூலாக்குவதற்காகச் சில ஆண்டு தடை கேட்டிருப்பார். பூட்டு எந்தத் தேதியில் திறக்கும் என்று பதிவிலேயே பெரும்பாலும் எழுதியிருக்கும்.

பிரிட்டனில் பிரித்தானிய நூலகம் 2009இல் ஈத்தாஸ் என்ற சேவையைத் தொடங்கி, சுமார் ஆறு லட்சம் ஆய்வேடுகளின் பதிவை ஒரே இடத்தில் சேர்த்தது. 2023 அக்டோபர் இறுதியில் பணம் கேட்டு மிரட்டும் கும்பல் ஒன்று அந்த நூலகத்தின் கணினிகளைத் தாக்கியது. அட்டவணையிலிருந்து ஈத்தாஸ் வரை எல்லாம் படுத்துவிட்டன. ஒரே கதவை நம்பியிருந்தவர்கள் நீண்ட காலம் வெளியே நின்றார்கள். பல்கலைக்கழகங்களின் சொந்தக் களஞ்சியங்களுக்கு ஒன்றும் ஆகவில்லை. தென்னிந்திய வரலாறும் மொழியும் தேடுகிறவர்கள் ஆசிய, ஆப்பிரிக்க ஆய்வுகளுக்கான லண்டன் சோவாஸ் நிறுவனத்தின் களஞ்சியத்தை நேராகத் திறந்து பார்க்கலாம். பழைய தட்டச்சுப் பிரதிகள் ஸ்கேன் செய்து இலவசமாகக் கிடக்கின்றன. முதல் பக்கத்தில் புரோக்வெஸ்ட் எண்ணும் பதிப்புரிமை எச்சரிக்கையும் பார்த்து, இது காசு கட்டவேண்டிய சரக்கோ என்று தயங்க வேண்டாம். ஸ்கேன் செய்த நிறுவனத்தின் முத்திரை அது.

திரையில் வராதவை

இந்தியாவில் மின்படிகளுக்கு முந்தைய காலத்துக்கு ஒரு துணை உண்டு. இந்தியப் பல்கலைக்கழகங்களின் சங்கம் முனைவர் பட்ட ஆய்வேடுகளின் நூற்பட்டியலைத் தொகுதி தொகுதியாக வெளியிட்டது. அது நடத்தும் ‘யூனிவர்சிட்டி நியூஸ்’ வார இதழிலும் ஏற்கப்பட்ட ஆய்வேடுகளின் பட்டியல் வரும். பழைய பல்கலைக்கழக நூலகங்களில் இவை குறிப்புதவிப் பிரிவில் தூசி படிந்து நிற்கும். எழுந்துபோய்ப் புரட்டினால், எந்தத் தேடல் பெட்டியிலும் வராத தலைப்புகள் கண்ணில் படும்.

எம்.ஃபில் ஆய்வேடுகளின் நிலைமைதான் மோசம். மானியக் குழு 2022ஆம் ஆண்டு விதிமுறையில் அந்தப் பட்டத்தையே நிறுத்திவிட்டது. அதுவரை எழுதப்பட்டவற்றில் பெரும்பகுதி துறை அலமாரிகளோடு சரி. கட்டடம் மாற்றும்போதும் வெள்ளையடிக்கும்போதும் முதலில் வெளியே போவது இவைதான். ஒரு சிற்றூரின் கோயில், ஒரு சிறுபத்திரிகையின் பத்து ஆண்டு, ஒரு வட்டாரச் சொற்பட்டியல் என்று சின்னச் சின்னப் பொருள்களை எடுத்துக்கொண்டு உட்கார்ந்து செய்தவை பல எம்.ஃபில் ஆய்வேடுகளில்தான் உண்டு. அகலமான தலைப்பில் முன்னுரை, ஐந்து இயல், முடிவுரை என்று அச்சில் வார்த்தது போல வரும் முனைவர் பட்ட ஆய்வேடுகளை விட இவற்றில் சில எவ்வளவோ மேல். முனைவர் பட்ட ஆய்வேடு தரமானதா என்று சீக்கிரம் தெரிய வேண்டுமானால் நடு இயல்களை விட்டுவிட்டுத் துணைநூற்பட்டியலையும், களப்பணி விவரம் இருக்கும் பின்னிணைப்பையும் பாருங்கள். தகவலாளி, அதாவது களத்தில் தகவல் சொன்னவர்களின் பட்டியலில் ஊரும் வயதும் தொழிலும் இருக்கிறதா, முதன்மைத் தரவு எங்கிருந்து வந்தது என்று சொல்லியிருக்கிறாரா என்று பார்த்தாலே போதும்.

ஷோத்கங்காவில் உள்ளவை பெயர் குறிப்பிட்டு, வணிக நோக்கமின்றிப் பயன்படுத்தலாம் என்ற கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில் இருக்கின்றன. யாரோ ஒருவரின் இயலைப் பெயர் மாற்றித் தன் ஆய்வேட்டில் சேர்த்துக்கொள்வதற்கான அனுமதி அதில் இல்லை.

எங்கேயும் கிடைக்கவில்லை, ஆனால் அப்படி ஓர் ஆய்வேடு இருப்பது யாரோ ஒருவரின் அடிக்குறிப்பில் தெரிகிறது என்றால், அந்தப் பல்கலைக்கழக நூலகருக்கு எழுதலாம். ஆய்வாளர் பெயர், தெரிந்த எல்லா இனிஷியலோடும், பட்டம், துறை, நெறியாளர், ஆண்டு, கல்லூரி. இவ்வளவும் முதல் பத்தியிலேயே இருக்கட்டும். முழு ஆய்வேட்டையும் ஸ்கேன் செய்து அனுப்புங்கள் என்று கேட்டால் எந்த நூலகரும் தயங்குவார், அதற்கு விதியும் இடம் கொடுக்காது. பொருளடக்கமும் துணைநூற்பட்டியலும் மட்டும் கேளுங்கள். அதைப் பார்த்துவிட்டு எந்த இயல் வேண்டும் என்று முடிவுசெய்து, நேரில் போய் உட்கார்ந்து படிக்க அனுமதி வாங்கிக்கொள்ளலாம். ஆய்வேடுகள் குறிப்புதவிக்கு மட்டும்தான், வெளியே தர மாட்டார்கள். போகும்போது உங்கள் நெறியாளரின் கடிதமும் அடையாள அட்டையும் கையில் இருக்கட்டும்.